எஸ்றா சொன்ன கடை

திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி, கையில் பையும் வயிற்றில் பசியுமாக முழித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு இருபத்தாறு வருடமாக ஒரு மனிதர் சோற்றுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் எஸ்றா. ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் பொன்மணி லாட்ஜில் குமாஸ்தா. லாட்ஜைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. பதினான்கு அறை. பாதி அறைகளில் மின்விசிறி சுற்றுவதைவிட முனகுவதுதான் அதிகம். ஆனாலும் கோர்ட்டு வழக்குக்கு வருகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், மருந்துக் கம்பெனி ஆட்கள், தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போகிற வழியில் தங்குகிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்ப அங்கேயே வந்தார்கள். அறைக்காக இல்லை, எஸ்றா சொல்லும் கடைக்காக.

"இங்க நல்ல சாப்பாடு எங்க சார் கிடைக்கும், கொஞ்சம் சல்லிசா?" என்று கேட்டால் அவரிடமிருந்து சட்டென்று பதில் வராது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு மூன்று கேள்வி கேட்பார். சொந்த ஊர் எது? கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? மாத்திரை ஏதும் போடுகிறீர்களா? கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி இதையெல்லாம் மனதில் வாங்கிக்கொண்டு, லாட்ஜ் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் வழி வரைந்து கொடுப்பார். தேங்காய்ப்பால் விட்ட சொதி என்றால் டவுனில் வியாழக்கிழமை மட்டும் வைக்கிற ஒரு வீடு. புரோட்டாவுக்கு மேலப்பாளையத்தில் பலகைகூட இல்லாத ஒரு கடை. உப்பு, காரம் ஆகாத நோயாளி என்றால் ஆஸ்பத்திரிப் பக்கம் சித்தி ஜனாபா விற்கிற கஞ்சியும் பயத்தந்துவையலும். எல்லாம் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இந்தக் கடைகளை அவர் சும்மா பிடித்துவிடவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் புதிதாக ஒரு கடையில் போய் உட்காருவார். யாரென்று சொல்லமாட்டார். சாப்பிட்டு முடித்து, கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய், எச்சில் இலை போடுகிற தொட்டியை எட்டிப் பார்ப்பார். இலையில் சோறு அள்ளாமல் கிடந்தால் அந்தக் கடையின் பக்கம் அப்புறம் தலைவைத்துப் படுக்கமாட்டார். வழித்துத் துடைத்த இலைகளாகக் கிடந்தால்தான் லாட்ஜ் அட்டையில் இடம். "சாப்பிட்டவன் நம்ம மூஞ்சிக்கு நேரா நல்லாருக்குன்னுதான் சொல்லுவான். இலையப் பாருங்க, தெரிஞ்சிரும்" என்பார். போனில் நட்சத்திரம் பார்த்துச் சாப்பிடப் போகிற இளவட்டங்களைக் கண்டால் அவருக்கு எரிச்சல் வரும். நட்சத்திரம் போட்டவன் தொட்டியைப் பார்த்தானா என்று கேட்பார். முனை ஓட்டல்காரர் ஆள் ஒன்றுக்குப் பத்து ரூபாய் தருகிறேன் என்று வந்தபோது, மனிதரை நாற்காலியில்கூட உட்காரச் சொல்லாமல் அனுப்பிவிட்டார். அவ்வளவு வீம்பு.

அந்த அட்டைகளில் அடிக்கடி வரைந்து கொடுக்கப்பட்ட வழி, ஆற்றுப் பக்கமாகச் சிந்துபூந்துறைக்குள் போய், ஒரு சின்ன வீட்டின் முன்னறையில் முடியும். எட்டுப் பேர் உட்காரலாம். செவ்வாயும் வெள்ளியும் உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் அவியலும். மற்ற நாளில் குழம்புச் சோறு. அறுபது ரூபாய். சமைப்பவள் சாலோமி. அவள் தன் மனைவி என்பதை எஸ்றா எந்த விருந்தாளியிடமும் சொன்னது கிடையாது. சொன்னால் தன் வாக்குக் கெட்டுவிடும் என்று நினைத்தார். அதைச் சொல்லாமலே அவர் அனுப்பிய நூற்றுக்கணக்கான பேர் திரும்பி வந்து, "சார், அந்த அம்மா கையில என்ன வச்சிருக்காங்க?" என்று கேட்கும்போது, பேரேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்பார்.

சாலோமி கையில் வைத்திருந்தது ஒன்றுமில்லை. மூக்கில்தான் வைத்திருந்தாள். அவளுடைய அப்பா அப்பாத்துரை, பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள சபைகளில் அசனப் பண்டிகைக்குச் சமைத்துக் கொடுத்தவர். அசனம் என்றால் ஊர் முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. ஐந்நூறு அறுநூறு பேருக்கு அண்டா அண்டாவாக ஆக்க வேண்டும். குருவானவர் வந்து ஜெபிக்கும்வரை, சமைத்தவன் உட்பட யாரும் ஒரு சொட்டைக்கூட நாக்கில் வைக்கக்கூடாது என்பது அப்பாத்துரையின் சட்டம். ஆண்டவருக்கு முந்திக்கொண்டு நாம் சாப்பிடுவதா என்று கேட்பார். அதனால் கொதி வருகிற நேரத்தில் ஆவிக்குள் முகத்தைக் காட்டி, வாசத்திலேயே உப்பைக் கண்டுபிடிப்பார். கூடியிருந்தால் ஒரு வாசம், குறைந்திருந்தால் ஒரு வாசம். மகளுக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது. அறுபது ரூபாய்ச் சாப்பாட்டுக் கடைக்கும் அவள் அதே சட்டத்தை வைத்தாள். பன்னிரண்டு மணிக்கு அடுப்படியில் நின்று ஜெபம் பண்ணுவாள். அப்புறம் பந்தி. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மூன்று மணிக்குத்தான் அவள் தட்டில் சோறு விழும். இருபது வருடத்தில் ஒரு நாள்கூட உப்புத் தப்பியதில்லை.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. சிந்துபூந்துறையில் வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர். வடிந்த பிறகு முழங்கால் சேறு. அரிசி மூட்டை, உளுந்து டின், பெஞ்சு எல்லாம் போயிற்று. சாலோமி ஒரு வாரம் சேற்றை அள்ளிக் கொட்டினாள். அப்புறம் படுத்தாள். பன்னிரண்டு நாள் காய்ச்சல். எழுந்தபோது மூட்டு இரண்டும் பிடித்துக்கொண்டன, நடக்கச் சுவர் வேண்டியிருந்தது. மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. சளி என்று சொன்னாள். எஸ்றாவும் சளி என்றே நம்பினார்.

தை பிறந்து மெஸ்ஸைத் திறந்தார்கள். முதல் நாள் இரண்டு மணிக்கு எஸ்றா வழக்கம்போலச் சாப்பிட வந்தார். முதல் வாயிலேயே உப்பு ஒரு கல் தூக்கலாகத் தெரிந்தது. சாலோமி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, என்றைக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"எப்படி இருக்கு?"

சுவரில் சேற்றுக் கோடு இன்னும் இருந்தது. காய்ச்சலில் அவள் பாதியாகியிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து உப்புக் கூடிவிட்டது என்று சொல்ல எஸ்றாவுக்கு நாக்கு எழவில்லை. உண்டு முடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார்.

அதில் ஆரம்பித்தது. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தார். மறுநாள் கொஞ்சம் அதிகம். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். அவள் கேட்பாள், அவர் நல்லாருக்கு என்பார். ஒரு மாதம் கழித்து அது பொய் என்றே அவருக்குத் தோன்றவில்லை. பல் தேய்ப்பதுபோல் தினமும் செய்கிற ஒரு காரியமாகப் போயிற்று. இடையில் இரண்டொரு தடவை சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயத்தில் மூடிக்கொண்டார். வெளியூர்க்காரன் எவனோ நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று அத்தனை மெனக்கெட்ட மனிதர், சொந்த வீட்டில் இப்படிக் கோழையாக இருந்தார். இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளூர் ஆட்கள் பைய நழுவினார்கள். கோர்ட்டு டைப்பிஸ்டுகள் வேறு கடை பார்த்தார்கள். மின்வாரியத்து ஆட்கள் தூக்குவாளி கொண்டுவர ஆரம்பித்தார்கள். பதினோரு வருடமாக அங்கேயே சாப்பிட்ட, பைக்கடை அகமது மீரான் மட்டும் லாட்ஜுக்கே வந்து மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"வே எஸ்றா, நான் சாப்பிட்ட வீட்டைக் குறை சொல்லுதவன் இல்ல. உம்ம வீட்டம்மா சாப்பாட்ட வாயில வைக்க முடியல. அவங்க காதுல பைய போட்டு வையும்வே."

"உடம்புக்கு முடியாம இருந்தால்லா. சரியாயிரும்" என்றார் எஸ்றா.

"ஆறு வாரமா இதத்தான் சொல்லுதீரு" என்று சொல்லிவிட்டுப் போன மீரான், அப்புறம் மெஸ் பக்கம் வரவில்லை.

முன்னறையில் பரிமாறி இலை எடுப்பவள் முத்துராணி. முட்டிவலியால் சாலோமி அடுப்படியை விட்டு வருவதில்லை, அதனால் திரும்பி வருகிற இலைகளை அவள் பார்ப்பதில்லை. முத்துராணி பார்த்தாள். எஸ்றாவும் பார்த்தார். ஊர்க் கடையெல்லாம் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தவருக்குச் சொந்தக் கடைத் தொட்டி கண்ணில் படாமல் இருக்குமா? மடக்கிய இலைக்குள் சோறு சோறாகக் கிடந்தது. எச்சில் எடுத்துப் போகிற சொரிமுத்துவின் எருமைகளுக்குத்தான் கொண்டாட்டம்.

"அக்காகிட்ட நான் சொல்லட்டா அண்ணாச்சி?" என்று முத்துராணி கேட்டாள்.

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். அவளுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. இதும் போச்சுன்னா படுத்துருவா" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பிள்ளை இல்லாத வீடு. காலையில் எழுந்து தேங்காய் துருவ ஆரம்பித்தால்தான் சாலோமிக்கு உயிர் வரும். ஆனால் எஸ்றா அதற்குமேல் ஒன்று செய்தார், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. உள்ளூர்க்காரர்கள் விட்டுப்போன இடத்தை வெளியூர்க்காரர்களை வைத்து நிரப்பினார். அட்டையில் சிந்துபூந்துறைக்கு மட்டுமே வழி வரைய ஆரம்பித்தார். ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறிப் போய்விடுகிறவன் திரும்பி வந்து சண்டை போடப் போவதில்லை. பாதிச் சோற்றோடு எழுந்து, காசைக் கொடுத்துவிட்டு, திருநெல்வேலிச் சாப்பாடே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவான். மூன்று கேள்வி கேட்பதை அவர் நிறுத்தவில்லை. பதிலைக் கேட்டுக்கொள்வதைத்தான் நிறுத்தியிருந்தார்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தர்மபுரியிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்து இறங்கினார்கள். மகள் பெயர் விஜயஸ்ரீ, முப்பது வயது இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேலைக்கு நேர்காணல். அப்பா மெலிந்த மனிதர், கணுக்கால் இரண்டும் லேசாக வீங்கியிருந்தன. தனியாக அனுப்ப மனமில்லாமல் கூட வந்ததாகச் சொன்னார். மகள் குளித்துவிட்டு நேர்காணலுக்குக் கிளம்பினாள். பதினொன்றரைக்குப் பெரியவர் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி, மேசைக்கு வந்தார்.

"சார், இந்த ஊர்ல மட்டும் கிடைக்கிற சாப்பாடு ஏதாச்சும் இருக்குங்களா? பெரிய ஓட்டலெல்லாம் வேணாம். வீட்டுச் சாப்பாடு மாதிரி."

"மாத்திரை ஏதும் போடுதியளா?"

"நெஞ்சுக்குப் போடறேங்க. உப்பே ஆகாதுன்னுட்டாரு டாக்டர். ஆறு மாசமாப் பத்தியம்தான். மண்ணைத் தின்ற மாதிரி இருக்குது."

எஸ்றாவின் கை சித்தி ஜனாபா கடைக்குத்தான் முதலில் வழி வரைந்தது. ஆற்றுப் பாலம் வரைக்கும் கோடு போட்டுவிட்டார். அப்போது அவருக்குக் காலையில் சாலோமி சொன்னது நினைவுக்கு வந்தது. மூன்று நாளாக ஒரு ஆள் வரவில்லை, இன்றைக்கும் யாரும் வராவிட்டால் கடையை மூடிவிடலாம் என்று உளுந்தைக் களைந்துகொண்டே சொல்லியிருந்தாள். சொல்லும்போது அழுதிருந்தாள். எஸ்றா ரப்பரை எடுத்துப் பாலத்தை அழித்தார். ஒரு வேளைச் சோறு, என்ன ஆகிவிடும், பிடிக்காவிட்டால் இரண்டு வாயில் எழுந்துவிடுவார் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, சிந்துபூந்துறைக்குக் கோட்டைத் திருப்பினார்.

பெரியவர் இரண்டு வாயில் எழவில்லை. ஆறு மாதம் உப்பில்லாத கஞ்சி குடித்த நாக்கு அது. மற்றவர்கள் துப்பியதை அவர் தேவாமிர்தம்போலச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை கேட்டார், மூன்றாம் தடவையும் கேட்டார். எள்ளுத்துவையலை விரலால் வழித்தார். அடுப்படி வாசலுக்கே போய்ச் சாலோமியைக் கும்பிட்டு, "அம்மா, ருசின்னா என்னன்னே மறந்துட்டேன் தாயே. நீங்க நல்லா இருக்கணும்" என்றார். ஆறு மாதமாகச் சாப்பிட வந்தவர்கள் யாரும் சொல்லாத வார்த்தை. சாலோமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி போடச் சொன்னாள். பெரியவர் மகளுக்குப் போன் போட்டு, நேர்காணல் முடிந்ததும் நேராக இங்கே வரச் சொன்னார்.

இரண்டு மணிக்கு எஸ்றா மெஸ்ஸுக்குள் நுழைந்தபோது விஜயஸ்ரீ அப்போதுதான் இலை முன்னால் உட்கார்ந்திருந்தாள். நேர்காணல் நன்றாக நடந்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. அப்பா எதிரில் வெற்றிலை போட்டவர் மாதிரித் திருப்தியாகச் சாய்ந்திருந்தார். அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். அடுத்த நொடியே இலையில் துப்பினாள்.

"அப்பா, எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"மூணு தடவை வாங்கினேம்மா. என்ன?"

"இது உப்பா சோறா? உங்களுக்குத் தெரியலியா?" எழுந்துவிட்டாள். "யாருங்க இங்க சமைச்சது? ருசி பார்க்கவே மாட்டீங்களா? இவர் ஹார்ட் பேஷண்ட்!"

சாலோமி சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்திருக்கிறாள். விஜயஸ்ரீயின் இலையைப் பார்த்தாள், மூலையில் இருந்த தொட்டியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் முன்னால் ஒரு ஆட்டோக்காரர் வந்து ஒரு வாயோடு போட்டுவிட்டுப் போன இலை அதில் கிடந்தது.

"உப்புக் கூடிட்டா?" என்று முத்துராணியிடம் கேட்டாள். "ஏட்டி, உன்னத்தான். கூடிட்டா?"

முத்துராணி அழுதுவிட்டாள். "தை மாசத்துலருந்தே அப்படித்தான் அக்கா. அண்ணாச்சிதான் சொல்லக்கூடாதுன்னுட்டாவ."

விஜயஸ்ரீ திரும்பி, வாசலில் நின்ற எஸ்றாவைப் பார்த்தாள். "நீங்க லாட்ஜ்காரர்தானே? அப்பா உங்ககிட்டச் சொல்லித்தானே கேட்டாரு, உப்பு ஆகாதுன்னு?"

பெரியவர்தான் மகளின் கையைப் பிடித்து இழுத்து, "விடும்மா, நான்தான் ஆசைப்பட்டுச் சாப்பிட்டேன்" என்றார். சாலோமி யாரையும் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மாலை ஆறு மணிக்கு ஏழாம் அறையிலிருந்து விஜயஸ்ரீ கூப்பிட்டாள். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து, படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். எஸ்றாவும் ஸ்டேஷன் வாசலில் நின்ற ஒரு ஆட்டோக்காரரும் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். கனமே இல்லை. ஆட்டோவில் ஏற்றும்போது பெரியவரின் கை எஸ்றாவின் சட்டையை இறுகப் பிடித்திருந்தது, விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. மறுநாள் மதியம் விஜயஸ்ரீ மட்டும் வந்து பைகளை எடுத்தாள். கொஞ்சம் தேறியிருக்கிறார், ஆம்புலன்ஸில் ஊருக்கே கொண்டுபோகிறோம் என்றாள். எஸ்றாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குள் வீட்டில் நடந்த பேச்சையும் சொல்லிவிட வேண்டும். பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை எஸ்றா வீட்டுக்குப் போனபோது அண்டாக்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. அடுப்பில் சாம்பல் அள்ளியாகிவிட்டது. சாலோமி தரையில் உட்கார்ந்திருந்தாள். பெரியவரைப் பற்றிச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு மூக்கு போயிட்டு" என்றாள். "காய்ச்சலோடயே போயிட்டு. நாக்கும்தான். கல்லுப்ப அள்ளி வாயில போட்டாலும் மணல் மாதிரி இருக்கு."

"எங்கிட்டச் சொல்லலியே சாலோமி."

"சொன்னா மூடச் சொல்லுவீய. அதான் சொல்லல. நீங்க இருக்கீயளே, நீங்க சொல்லுவீயன்னு இருந்தேன். ஊர்ல உள்ள சோத்தையெல்லாம் சரியாச் சொல்லுத நாக்கு வீட்டுலயே இருக்கும்போது எனக்கு என்ன கவலைன்னு நெனச்சேன். பழைய கை நெதானத்துல போட்டு ஆரம்பிச்சேன். எப்படி இருக்குன்னு கேட்டேன். நல்லாருக்குன்னீய. மறுநா ஒரு கல்லு கூடப் போட்டேன். அதுக்கும் நல்லாருக்குன்னீய. எப்ப கூடிட்டுன்னு சொல்லுதீயளோ அதுக்கு ஒரு கல்லு முந்தி நிறுத்திக்கிடலாம், அதுதான் நம்ம அளவுன்னு வச்சிருந்தேன்."

எஸ்றா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லவே இல்ல" என்றாள் சாலோமி. "நான் போட்டுக்கிட்டே போனேன்."

உன் மனது நோகக்கூடாது என்றுதான் என்று அவர் ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். யார் யாரோ வெளியூர்க்காரர்களைத் தன் இலைக்குப் பலியாக அனுப்பியிருக்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை என்றாள். அப்பாத்துரை மகள் கையால் ஆக்கிய சோற்றை மாட்டுக்குப் போட்டிருக்கிறார்களே என்று சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது.

மெஸ் அன்றோடு முடிந்தது. முத்துராணி ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். சாலோமி இரண்டு பேருக்கு மட்டும் சமைத்தாள், எதிலும் உப்பே போடுவதில்லை. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தூள் உப்பு இருக்கும். வேண்டிய அளவு போட்டுக்கொள்ள வேண்டும். எஸ்றா அந்தக் கிண்ணத்தைத் தொடவில்லை. எப்படி இருக்கு என்று அவள் கேட்பதும் நின்றுவிட்டது. இருபது வருடமாக எரிச்சலோடும் பிரியத்தோடும் கேட்ட அந்த இரண்டு வார்த்தை இல்லாமல் சாப்பிடுவது, ஆள் இல்லாத வீட்டில் சாப்பிடுவதுபோல இருந்தது அவருக்கு. லாட்ஜில் யாராவது நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், "போன்ல பாருங்க சார், போட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் பேரேட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை சாலோமி சொன்னாள்: "அந்த தர்மபுரிக்காரரு எப்படி இருக்காருன்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க. லாட்ஜ் பேரேட்டுல நம்பர் இருக்கும்லா."

எஸ்றா தலையாட்டினார். லாட்ஜில் போய்ப் பேரேட்டை விரித்து நம்பரை ஒரு அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். மூன்று தடவை போனை எடுத்தார். மூன்று தடவையும் கடைசி எண்ணை அழுத்தாமல் வைத்துவிட்டார். மதியம் வீட்டுக்கு வந்து தட்டு முன்னால் உட்கார்ந்தபோது சாலோமி கேட்டாள்.

"பேசினீயளா?"

"பேசினேன். நல்லாருக்காராம்."

சாலோமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்த அதே முகம். அவள் எழுந்து வந்து, அவர் சட்டைப் பையிலிருந்து போனையும் அட்டையையும் எடுத்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். எடுத்ததும் தான் யாரென்று சொன்னாள். அப்புறம் வெகுநேரம் எதிர்ப்பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

"ஊருக்குப் போன மூணாம் நாளே போயிட்டாராம்" என்றாள். "ஆஸ்பத்திரில கெடக்கும்போதும் அந்த உளுந்தஞ்சோறத்தான் கேட்டாராம். அந்தப் பிள்ள அழுதுக்கிட்டே சொல்லுதா."

சாலோமி எதிரில் மெதுவாக உட்கார்ந்து, முட்டியை நீட்டிக்கொண்டாள்.

"சாப்பிடுங்க" என்றாள்.

ஒரு வாய் எடுத்தார். மென்று விழுங்கினார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எஸ்றாவுக்குப் பழகிய வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "உப்பு இல்ல" என்றார்.

"இந்த ஒரு வார்த்தையச் சொல்லுததுக்கு ஒரு மனுசன் போக வேண்டியிருந்துச்சே" என்றாள் சாலோமி.

உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள். எஸ்றா சோற்றைப் பிசைந்துகொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.